ஃபெசன்ட் வேட்டைக்கு முதல் தடவை போகிறேன், என்னென்ன வாங்க வேண்டும்?

புதுச்சேவல் | செப்டம்பர் 6

வணக்கம். தெற்கு டகோட்டா சூ ஃபால்ஸுக்கு வேலைக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. அலுவலகத்தில் என் பக்கத்து மேசைக்காரர் வடக்கே ரெட்ஃபீல்ட் பக்கத்து விவசாயக் குடும்பம். அக்டோபர் மூன்றாம் சனிக்கிழமை ஃபெசன்ட் (காட்டுக்கோழி மாதிரி ஒரு பறவை) வேட்டை சீசன் திறக்கிறது, எங்கள் நிலத்துக்கு வந்துவிடு என்று சொல்லியிருக்கிறார். அவர்கள் வீட்டில் அது தீபாவளி மாதிரியாம். வெளியூர் பிள்ளைகள் எல்லாம் வந்து சேருவார்களாம். நானும் யோசிக்காமல் சரி என்று சொல்லிவிட்டேன்.

துப்பாக்கியில் என் அனுபவம் மதுரை சித்திரைப் பொருட்காட்சியில் பலூன் சுட்டது மட்டும்தான். அதிலும் பலூன்காரர் பாவம் பார்த்து இரண்டு குண்டு சும்மா கொடுத்தார்.

நேற்று ராத்திரி உட்கார்ந்து ஆன்லைன் கூடையை நிரப்பினேன். 12 கேஜ் ஷாட்கன், இலைதழை அச்சடித்த ஜாக்கெட், அதே துணியில் பேன்ட், பைனாகுலர், முழ நீளக் கத்தி, வாத்தைக் கூப்பிடும் ஊதல் (இதற்கும் ஆகும் என்று நினைத்தேன்). 2,300 டாலரைத் தாண்டிவிட்டது. வீட்டுக்காரி கண்ணில் படுவதற்கு முன் எதையெல்லாம் எடுத்துவிடலாம் என்று சொல்லுங்கள்.

டகோட்டாக்காரன் | செப்டம்பர் 6

தம்பி, எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். அப்புறம் ஒவ்வொன்றாகச் சேர்ப்போம்.

இலைதழைச் சட்டை வாத்துக்கு, வான்கோழிக்கு. அங்கே ஒளிந்து உட்கார வேண்டும். இங்கே ஆள் உயரப் புல்லுக்குள் பத்துப் பேர் வரிசையாக நடப்பீர்கள். பறவை உங்களைப் பார்த்தால் ஒன்றும் கெட்டுப்போகாது. பக்கத்தில் வருகிறவன் உங்களைப் பார்க்காவிட்டால்தான் வினை. அதனால் ஆரஞ்சு. பைனாகுலர் வேண்டாம், பறவை காலடியிலிருந்துதான் கிளம்பும். முழ நீளக் கத்தி எதற்கு, கிடா வெட்டவா?

பதினாலு வருடமாகப் போகிறேன். எனக்குத் தெரிந்து இது துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு போகிற நடைப்பயணம். ஒரு நாளில் எட்டுப் பத்துக் கிலோமீட்டர் சாதாரணம். அதுவும் ரோட்டில் இல்லை. அறுத்த சோளக்கட்டை, எலி வளை, சதுப்பில் சம்பங்கோரை. அதனால் கையில் இருக்கிற காசில் முதல் பங்கு காலுக்கு. கணுக்காலை மூடி எட்டு அங்குல உயரமாவது இருக்கிற, தண்ணீர் புகாத தோல் பூட்ஸ். கூடவே கம்பளி சாக்ஸ் இரண்டு ஜோடி. பருத்தி சாக்ஸ் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு தோலை உரித்துவிடும்.

பூட்ஸை இன்றைக்கே வாங்குங்கள். என் முதல் சீசனில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாங்கி சனிக்கிழமை போட்டுக்கொண்டு போனேன். கடைக்காரர் ‘பெட்டியிலிருந்து எடுத்ததும் போட்டு நடக்கலாம்’ என்று சத்தியம் செய்யாத குறை. மத்தியானம் பூட்ஸைக் கழற்றினால் குதிகால் தோல் சாக்ஸோடு வந்துவிட்டது. மிச்ச நாள் முழுக்க டிரக்கில் உட்கார்ந்து மற்றவர்களின் நாய்க்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன். ஐந்து வாரத்துக்கு மேல் இருக்கிறது. காய்கறி வாங்கப் போனாலும் அதையே போட்டுக்கொண்டு போங்கள்.

அயோவா_அண்ணாச்சி | செப்டம்பர் 7

பூட்ஸுக்கு அடுத்தது பேன்ட். முன்பக்கம் முழங்காலுக்கு மேல் வரை தடித்த நைலான் வைத்துத் தைத்திருப்பார்கள், அதைப் பார்த்து வாங்குங்கள். விலை அதிகமாகப் பட்டால் இருக்கிற பேன்ட்டுக்கு மேலே கட்டிக்கொள்கிற நைலான் கால் உறை போதும். ஜீன்ஸ் போட்டுக்கொண்டு போய்விடாதீர்கள். காலைப் பனியில் பத்து நிமிடத்தில் தொடை வரை நனைந்துவிடும், அப்புறம் மாலை வரை ஈரச் சாக்கைக் கட்டிக்கொண்டு நடக்கிற கதைதான். ஒட்டுப்புல் வேறு. வீட்டுக்கு வந்து ஒவ்வொரு முள்ளாகப் பிடுங்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும்.

சட்டப்புள்ளி | செப்டம்பர் 7

பூட்ஸுக்கும் முன்னால் ஒன்று இருக்கிறது. புதுச்சேவல், நீங்கள் எந்த விசாவில் இருக்கிறீர்கள்?

நம்மவர்கள் பலருக்கு இது தெரிவதில்லை. எச்1பி, எல்1, எஃப்1 போன்ற குடியேற்றம் சாராத விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பது இங்கே கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். தோட்டாவுக்கும் அதே சட்டம்தான். அதில் சில விதிவிலக்குகள் உண்டு. ஒன்று, அமெரிக்க மாநிலம் ஒன்று கொடுத்த, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ் கையில் இருப்பது. ‘நான் வாங்கவில்லை, நண்பருடையதை ஒரு மணி நேரம் பிடித்தேன்’ என்பது எடுபடாது. லைசென்ஸ் இல்லாமல் பயிற்சிக்குப் போய், மேலே வீசுகிற களிமண் தட்டைச் சுட்டாலும் அதே சிக்கல்தான். கிரீன் கார்டு வந்துவிட்டால் இந்தத் தடை இல்லை.

ஆகவே முதல் செலவு லைசென்ஸ். அது பாக்கெட்டில் வந்த பிறகு துப்பாக்கியைத் தொடுங்கள். உங்கள் நிலைமையில் வேறு ஏதாவது குழப்பம் இருந்தால் குடியேற்ற வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஒரு சேவலுக்காக விசாவைப் பணயம் வைக்காதீர்கள்.

புதுச்சேவல் | செப்டம்பர் 7

எச்1பி. தலை சுற்றுகிறது. அடுத்த சனிக்கிழமை மேசைக்காரர் என்னைத் தட்டு சுடக் கூட்டிக்கொண்டு போவதாக இருந்தது! நல்ல வேளை. இப்போதே லைசென்ஸ் எடுக்கிறேன்.

கூடையைக் காலி செய்துவிட்டேன். ஆனால் வாத்து ஊதல் மட்டும் தனி ஆர்டராகப் போய்விட்டிருக்கிறது, வந்துகொண்டிருக்கிறது.

அயோவா_அண்ணாச்சி | செப்டம்பர் 7

அப்படியே வேட்டைப் பாதுகாப்பு வகுப்பையும் முடித்துவிடுங்கள். எங்கள் அயோவாவில் 1972 ஜனவரி 1க்குப் பிறகு பிறந்தவருக்கு அந்தச் சான்றிதழ் இல்லாமல் லைசென்ஸே கிடையாது. உங்கள் ஊர் சட்டம் எதுவானாலும் பலூன் மட்டும் சுட்ட ஆள் நீங்கள். முள்வேலியைத் தாண்டும்போது துப்பாக்கியை என்ன செய்வது என்று அங்கேதான் சொல்லிக்கொடுப்பார்கள். (தோட்டாவை எடுத்துவிட்டு, அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டு, அப்புறம் தாண்டுவது.)

நெல்லைக்காற்று | செப்டம்பர் 8

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். ஃபெசன்ட் என்றால் நம் ஊர் செம்போத்துதானே? ஆங்கிலப் புத்தகம் ஒன்றில் செம்போத்துக்கு ‘காக்கை ஃபெசன்ட்’ என்று பார்த்த ஞாபகம்.

மினசோட்டா_அக்கா | செப்டம்பர் 8

அது வெள்ளைக்காரர்கள் வாலைப் பார்த்து வைத்த பெயர். செம்போத்து குயில் வகை. ஃபெசன்ட் நம் மயில், காட்டுக்கோழி, கௌதாரி, காடை இவற்றின் குடும்பம். சேவலுக்குக் கழுத்தில் வெள்ளை வளையம், கண்ணைச் சுற்றிச் சிவப்பு, உடம்பெல்லாம் செம்பு நிறம், நீண்ட வால். பெட்டை காய்ந்த புல் நிறம்.

இந்த ஊர்ப் பறவையும் இல்லை. 1881இல் ஷாங்காயில் அமெரிக்கத் தூதராக இருந்த ஓவன் டென்னி கப்பலில் ஓரிகனுக்கு அனுப்பினார். அடுத்த வருடமும் அனுப்பினார், அது பெருகியது. தெற்கு டகோட்டாவில் 1908, 1909 வாக்கில் ஸ்பிங்க் கவுண்டியில் விட்டது பிடித்துக்கொண்டது. புதுச்சேவல் போகப்போகிற ரெட்ஃபீல்ட் அந்தக் கவுண்டியில்தான் இருக்கிறது. 1919இல் அங்கே ஒரே ஒரு நாள் வேட்டை திறந்தார்கள். 1943இல் மாநிலப் பறவை ஆக்கிவிட்டார்கள்.

புதுச்சேவல் | செப்டம்பர் 8

சீனப் பறவை, இந்த மாநிலத்துக்கு வந்து முப்பத்தைந்து வருடத்தில் மாநிலப் பறவையா! நமக்கு கிரீன் கார்டு வரிசையே அதைவிட நீளம்.

சரி, துப்பாக்கி விஷயத்துக்கு வருவோம். 12 கேஜா, 20 கேஜா?

டகோட்டாக்காரன் | செப்டம்பர் 9

இந்த வருடம் வாங்காதீர்கள் என்பதுதான் என் பதில். மேசைக்காரர் வீட்டில் நாலைந்து இருக்கும், ஒன்றைக் கடனாகக் கேளுங்கள். ஒரு சீசன் நடந்து பார்த்தால்தான் உங்கள் தோளுக்கும் கைக்கும் எது பொருந்தும் என்று தெரியும். வாங்கியே ஆக வேண்டும் என்றால் ரெமிங்டன் 870, மாஸ்பெர்க் 500 மாதிரி பம்ப் துப்பாக்கி (முன்பிடியை இழுத்துத் தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றுவது) பழையதாகக் கிடைக்கும். இரட்டைக் குழல் அழகு, திறந்தால் காலியா இல்லையா என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் விலை.

கேஜ் என்பது குழல் அளவு, எண் குறைந்தால் குழல் அகலம். 12இல் ரவை (தோட்டாவுக்குள் இருக்கிற சின்னச் சின்னக் குண்டுகள்) அதிகம் போகும். 20 கொஞ்சம் லேசு, தோளில் உதை குறைவு. நாள் முழுக்கத் தூக்குகிறவருக்கு அரைக் கிலோ வித்தியாசம் மாலை நாலு மணிக்குத் தெரியும். இரண்டில் எதிலும் ஃபெசன்ட் விழும்.

ஒன்றை மட்டும் மனதில் ஆணி அடித்து வையுங்கள். இரண்டு கேஜ் தோட்டாவும் ஒரே பையில் இருக்கவே கூடாது. 20 கேஜ் தோட்டா மஞ்சளாக இருப்பது அழகுக்கு இல்லை. அதைத் தெரியாமல் 12 கேஜில் போட்டால் உள்ளே வழுக்கிப் போய்க் குழலுக்குள் சிக்கிக்கொள்ளும், வெளியே தெரியாது. சுட்டுப் பார்ப்பீர்கள், வெடிக்காது. ஏதோ தோட்டா போட மறந்துவிட்டோம் என்று பின்னால் 12ஐப் போட்டு விசையை இழுத்தால் குழல் கைப்பக்கம் கிழிந்துவிடும். இரண்டு கேஜ் வைத்திருக்கிற ஒருவரின் பழைய வெஸ்ட்டை (பாக்கெட் வைத்த கையில்லா மேலுடை) வாங்கிப் போட்டுக்கொண்டால் ஒவ்வொரு பாக்கெட்டையும் வெளியே உதறிப் பாருங்கள். நான் ஒரு தடவை உதறியபோது மஞ்சள் ஒன்று விழுந்தது. அன்றைக்குக் கையில் இருந்தது 12.

அயோவா_அண்ணாச்சி | செப்டம்பர் 9

தோட்டாவுக்கு ஈயம் 5 அல்லது 6ஆம் நம்பர். நம்பர் குறையக் குறைய ரவை பெரிது, அதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு 8 வாங்கிவிடாதீர்கள், அது தட்டு சுட. குழல் வாய் இறுக்கம் இரட்டைக் குழலில் முதல் குண்டுக்கு இம்ப்ரூவ்டு சிலிண்டர் (லேசான இறுக்கம்), இரண்டாவதுக்கு மாடிஃபைடு (நடுத்தர இறுக்கம்). பம்ப் என்றால் ஒரே குழல், இரண்டில் ஒன்று.

மினசோட்டா_அக்கா | செப்டம்பர் 9

அண்ணாச்சி, ஈயம் தனியார் நிலத்துக்குச் சரி. கூட்டாட்சி நீர்ப்பறவை நிலங்களில் ஈயத்துக்கு இடமில்லை. தெற்கு டகோட்டாவில் மாநிலத்தின் வேட்டை நிலங்கள் பெரும்பாலானவற்றிலும் அப்படித்தான். வாத்து மேயும்போது விழுந்து கிடக்கிற ரவையைக் கல் என்று விழுங்கி ஈய நஞ்சில் சாகிறது என்றுதான் 1991இல் நாடு முழுக்க வாத்து வேட்டைக்கு ஈயத்தை நிறுத்தினார்கள். புதியவர் இரும்பு ரவையே வாங்கட்டும். எங்கே போனாலும் கவலை இல்லை.

அயோவா_அண்ணாச்சி | செப்டம்பர் 10

இரும்பு லேசு அக்கா. முப்பது கஜத்துக்கு மேல் வேகம் போய்விடும், அடிபட்ட சேவல் ஓடிவிடும். அதுவும் பாவம்தானே?

மினசோட்டா_அக்கா | செப்டம்பர் 10

லேசு என்பதால்தான் இரண்டு மூன்று நம்பர் பெரிதாகப் போடச் சொல்கிறார்கள். ஈயம் 5க்குப் பதில் இரும்பு 2 அல்லது 3. அப்புறம் முப்பது கஜத்துக்கு மேல் புதியவர் சுடவே வேண்டாம், ஈயமாக இருந்தாலும் சரி. பிஸ்மத் என்கிற உலோக ரவை எடையில் இரண்டுக்கும் நடுவில், நன்றாக விழும், ஆனால் பெட்டி விலையைக் கேட்டால் நாம் விழுந்துவிடுவோம்.

இரும்புக்கு ஒரு நிபந்தனை. கடன் துப்பாக்கி தாத்தா காலத்தது என்றால் அது இரும்பைத் தாங்குமா என்று சொந்தக்காரரிடம் கேட்காமல் போடக்கூடாது. இரும்பு நசுங்காது, பழைய மெல்லிய குழலையும் முழு இறுக்க வாயையும் புண்ணாக்கிவிடும். தோட்டா நீளம் 2¾ அங்குலமா 3 அங்குலமா என்பது குழலில் பொறித்திருக்கும், கண்ணாடி போட்டுப் படியுங்கள்.

கோவைத்தம்பி | செப்டம்பர் 12

எல்லோரும் ரவை நம்பர் பேசுகிறீர்கள். ஒன்று கேட்கலாமா? ஊரில் மயிலைத் தொட்டால் 1972 காட்டுயிர் பாதுகாப்புச் சட்டத்தில் ஜெயில். கௌதாரிக்குக் கண்ணி வைத்தாலும் வழக்கு. இங்கே வந்து அதன் பங்காளியைச் சுட உடை, தொப்பி, பூட்ஸ். வயிற்றுக்கில்லாமல் பொழுதுபோக்குக்கு ஒரு உயிரை எடுப்பது உறுத்தவில்லையா?

டகோட்டாக்காரன் | செப்டம்பர் 12

உறுத்த வேண்டிய கேள்விதான். என் பக்கத்தைச் சொல்கிறேன். அடிப்பதைச் சாப்பிடுகிறோம். சேவலை மட்டும்தான் அடிக்கிறோம், ஒரு நாளைக்கு மூன்று. ஒரு சேவல் பல பெட்டைகளோடு சேரும் என்பதால் வசந்தத்தில் முட்டை எண்ணிக்கை பெரிதாகக் குறையாது. பெட்டையை அடித்தால் அபராதம். இந்தப் பறவையை ஒழிப்பது துப்பாக்கி இல்லை, புல் போவதுதான். 1985 விவசாயச் சட்டத்தில் நிலத்தைப் பத்து வருடம் புல்லாக விட விவசாயிக்கு அரசு வாடகை கொடுத்தது, பறவை பெருகியது. சோள விலை ஏறிப் புல்லை உழுதார்கள், குறைந்தது. அப்புறம், நாங்கள் வாங்குகிற ஷாட்கனிலும் தோட்டாவிலும் 11 சதவீத வரி 1937இல் வந்த சட்டப்படி காட்டுயிர் பாதுகாப்புக்குப் போகிறது.

கோவைத்தம்பி | செப்டம்பர் 12

கணக்கு புரிகிறது அண்ணே. மனசு ஒப்பவில்லை. பரவாயில்லை, தொடருங்கள்.

புதுச்சேவல் | செப்டம்பர் 21

லைசென்ஸ் வந்துவிட்டது. நேற்று மேசைக்காரரோடு போய் 25 தட்டு சுட்டேன். 7 உடைந்தது. அவர் மகளுக்கு வயது பதினாலு, அவள் 22. ‘தட்டைப் பார், குழல் நுனியைப் பார்க்காதே’ என்று அவள்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். 20 கேஜ் இரட்டைக் குழல் ஒன்று கடன் தருகிறார்கள். மஞ்சள் தோட்டா, தனிப் பை.

பூட்ஸ் பதினோரு நாளாகக் காலில். அலுவலகத்தில் எல்லோரும் பார்க்கிறார்கள். ஆரஞ்சு கட்டாயமா? தெற்கு டகோட்டாவில் சட்டம் இல்லை என்று ஒருவர் சொன்னார்.

அயோவா_அண்ணாச்சி | செப்டம்பர் 21

உங்கள் ஊரில் ஃபெசன்ட்டுக்குச் சட்டம் கேட்பதில்லை என்பது உண்மை. எங்கள் ஊரில் ஒரு உடையாவது பாதிக்குக் குறையாமல் பளீர் ஆரஞ்சாக இருக்க வேண்டும். மினசோட்டாவில் இடுப்புக்கு மேல் ஆரஞ்சு, அல்லது பளீர் ரோஜா. சட்டத்தை விடுங்கள். சம்பங்கோரை ஏழெட்டு அடி இருக்கும். அதற்குள் நீங்கள் இறங்கினால் வெளியே தெரிவது தொப்பி மட்டும். அதனால் வெஸ்ட் ஆரஞ்சு, தொப்பியும் ஆரஞ்சு.

வெஸ்ட் வாங்கும்போது முதுகுப் பையைப் பாருங்கள். மூன்று சேவல் என்றால் நாலு கிலோ பக்கம் வரும். தோள்பட்டை மெலிதாக இருந்தால் கழுத்தை அறுக்கும். இடுப்பில் கட்டுகிற பட்டையும், தண்ணீர் பாட்டில் இரண்டு செருக இடமும் இருக்க வேண்டும். உள்பக்கம் துடைத்தால் ரத்தம் போகிற துணி.

மினசோட்டா_அக்கா | செப்டம்பர் 22

கண்ணாடியை யாரும் சொல்லவில்லையே. கூட்டமாக நடக்கிற வேட்டையில் வயலின் மறுமுனையில் சிலர் மறித்து நிற்பார்கள். பறவை ஓடி ஓடிக் கடைசியில்தான் கிளம்பும், அப்போது இரண்டு பக்கமும் ஆள். ரவை ஒன்று தெறித்தாலும் கண்தான் போகும். பாலிகார்பனேட் கண்ணாடி மலிவு. பவர் கண்ணாடி போடுகிறவர் என்றால் அதற்கு மேல் மாட்டுகிற வகை. காதுக்கும் ஏதாவது. ஷாட்கன் சத்தம் ஒரு நாளில் தெரியாது, நாற்பத்தைந்து வயதில் வீட்டுக்காரர் ‘என்ன? என்ன?’ என்று கேட்கும்போது தெரியும். சத்தம் வந்தால் மட்டும் அடைத்து, பேச்சை விடுகிற எலக்ட்ரானிக் வகை வாங்கினால் சேவலின் கொக்கரிப்பும் கேட்கும்.

அந்தக் கொக்கரிப்பை நம்புங்கள். வெயில் முகத்தில் அடிக்கும்போது நிறம் தெரியாது. பெட்டை பெரும்பாலும் சத்தமில்லாமல் கிளம்பும். பக்கத்தில் வருகிறவர்கள் ‘ரூஸ்டர்!’ ‘ஹென்!’ என்று கத்துவார்கள். சந்தேகம் என்றால் விசையில் விரல் வேண்டாம். பறவைக்குக் கீழே வானம் தெரிந்தால்தான் சுட வேண்டும். தாழப் பறக்கிற பறவைக்குப் பின்னால் நாய் குதித்து வரும், அதற்கும் பின்னால் ஆள் நிற்பார்.

நெல்லைக்காற்று | செப்டம்பர் 22

நாய் இல்லாவிட்டால் முடியாதா?

டகோட்டாக்காரன் | செப்டம்பர் 23

முடியும். என் லாப்ரடார் நாய் செத்த பிறகு இரண்டு வருடம் நாய் இல்லாமல்தான் போனேன். பெரிய வயலை விட்டுவிட்டு வேலியோரம், ஓடைக்கரை, சின்னப் புல் திட்டு இப்படிப் பார்க்க வேண்டும். நேராக நடக்காமல் வளைந்து வளைந்து போய் திடீரென்று நின்றுவிடுங்கள். ஒரு நிமிடம் அசையாமல். நடக்கும்போது படுத்துக்கிடக்கிற சேவல், சத்தம் நின்றால் பொறுக்காது, கிளம்பிவிடும்.

விழுந்தால் கண்ணை எடுக்காமல் நேராக அந்த இடத்துக்கு. தொப்பியை அங்கே போட்டுவிட்டு அதைச் சுற்றித் தேடுங்கள். காய்ந்த புல்லில் அந்த நிறத்தைக் கண்டுபிடிப்பது, வைக்கோல் போரில் வைக்கோலைத் தேடுவது மாதிரி. சும்மா இறக்கை ஒடிந்தது என்றால் ஓட்டத்தில் உங்களை ஜெயித்துவிடும்.

உங்களுக்கு இந்தத் தடவை நாய் அவர்களுடையது. ஆனால் பையில் ஒரு சின்ன இடுக்கி வைத்துக்கொள்ளுங்கள். நாயின் விரல் இடுக்கில் முள் ஏறினால் கையால் எடுக்க முடியாது. வேட்டைக்காரர்கள் உங்கள் துப்பாக்கியை மறந்துவிடுவார்கள், நாய்க்கு முள் எடுத்ததை மறக்க மாட்டார்கள்.

மினசோட்டா_அக்கா | அக்டோபர் 14

சனிக்கிழமை வந்துவிட்டது. டிரக்கில் வைக்கச் சிலது: ஐஸ் பெட்டி, எலும்பு வெட்டுகிற கத்தரி, ரப்பர் கையுறை, ஜிப் பைகள், மாற்று சாக்ஸ், பெரிய கேனில் தண்ணீர். வீட்டுக்குக் கொண்டுவரும் பறவையில் சேவல் என்று அடையாளம் காட்டத் தலையோ குதிமுள்ளோடு காலோ விட்டுவைக்க வேண்டும், மொத்தமாகச் சுத்தம் செய்துவிடாதீர்கள். அக்டோபர் இங்கே நம்ப முடியாது, காலையில் உறைபனி, மத்தியானம் வேர்வை. தடித்த கோட் ஒன்றுக்குப் பதில் மெல்லியதாக மூன்று.

நிலக்காரர் வீட்டுக்கு வெறுங்கையோடு போகாதீர்கள், இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

புதுச்சேவல் | அக்டோபர் 20

போய் வந்தேன்.

வீட்டுக்காரி ஒரு டப்பா முறுக்கு கொடுத்தனுப்பினாள். அது பத்து மணிக்கு முன்பே காலி. பத்து மணிக்குத்தான் சுடலாம் என்பதால் அதுவரை எல்லோரும் டிரக்கில் சாய்ந்துகொண்டு கடிகாரத்தையும் முறுக்கையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதிர்ப் புல்லில் சேவல்கள் கொக்கரிக்கிற சத்தம் வேறு.

முதல் சேவல் என் பூட்ஸுக்கு ஒரு அடி முன்னால் கிளம்பியது. படம் பார்த்திருக்கிறேன், ஆனால் அந்தச் சத்தத்தை யாரும் சொல்லவில்லை. கோணிப்பையை யாரோ முகத்தருகே உதறின மாதிரி. துப்பாக்கியைத் தூக்கிவிட்டேன், விசையையும் இழுத்தேன், சேஃப்டி பூட்டைத் தள்ளவே இல்லை. சேவல் போய்விட்டது. பக்கத்தில் வந்த தாத்தா சிரித்துக்கொண்டே ‘எனக்கும் 1961இல் அப்படித்தான்’ என்றார்.

இரண்டாவதுக்குச் சுட்டேன், வால் இறகு ஒன்றுகூட ஆடவில்லை. மூன்றாவது பெட்டை, நல்ல வேளை பக்கத்தில் கத்தினார்கள். மூன்றரை மணிக்கு ஓடையோரம் ஒன்று இடமிருந்து வலமாக உயரப் போனது, கீழே வானம் தெரிந்தது, விழுந்தது. நாய் கொண்டுவந்து என்னிடம் கொடுக்கவில்லை, முதலாளியிடம் கொடுத்தது. நியாயம்தான்.

பொருள் விஷயம். பூட்ஸில் ஒரு கொப்புளம்கூட இல்லை. மத்தியானம் சாக்ஸ் மாற்றியதுதான் அன்றைய சுகம். நைலான் பேன்ட் காசுக்குத் தகும். கையுறை மட்டும் தப்பு. தடித்தது வாங்கிவிட்டேன், சேஃப்டி பொத்தான் விரலுக்குத் தெரியவில்லை, பதினோரு மணிக்கே கழற்றிப் பையில் போட்டேன். கண்ணாடி ஏற்றத்தில் மூச்சுப் பட்டு மங்கியது, ஆனால் சோளத்தாள் ஒன்று கண்ணருகே கீறியபோது அக்காவை நினைத்துக்கொண்டேன். இடுக்கி இரண்டு தடவை வெளியே வந்தது. இரண்டாவது தடவைக்குப் பிறகு நாய் மத்தியானச் சாப்பாட்டின்போது என் பக்கத்தில் படுத்தது.

இப்போது பிரிட்ஜில் ஒரு சேவல். இதை எப்படிச் சமைப்பது?

மினசோட்டா_அக்கா | அக்டோபர் 20

வாழ்த்துகள் தம்பி! நெஞ்சையும் காலையும் ஒன்றாகப் போடாதீர்கள். நெஞ்சில் கொழுப்பே இல்லை, கொஞ்சம் கூடினாலும் மரக்கட்டை. ராத்திரி உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, மெல்லியதாக அரிந்து, சின்ன வெங்காயம் சிவந்த பிறகு மிளகுத்தூளோடு அதிகச் சூட்டில் பிரட்டி இறக்கிவிடுங்கள். கால் ஓடி ஓடி முறுகின கால். அதில் நரம்புகள் எலும்புக்குச்சி மாதிரி இருக்கும், கோழிக்கால் நினைப்பில் கடித்தால் ஈறில் குத்தும். குக்கரில் நாலைந்து விசில் விட்டு, சதையை உதிர்த்துக் குச்சிகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுக் குழம்பில் போடுங்கள்.

அதற்கு முன் ஒவ்வொரு துண்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ரவை போன இடத்தில் சின்னதாக நீலம் பாய்ந்திருக்கும், உள்ளே ஒரு இறகையும் இழுத்துக்கொண்டு போயிருக்கும். கத்தி நுனியால் இறகைத் தேடினால் ரவையும் அங்கேயே இருக்கும். இரும்பு ரவையைக் கடித்தால் பல் மருத்துவர் பில் உங்கள் பழைய கூடையைத் தாண்டிவிடும்.

அயோவா_அண்ணாச்சி | அக்டோபர் 21

இங்கே வரும் சனிக்கிழமை திறக்கிறது. வெளிமாநில லைசென்ஸ் எடுத்துக்கொண்டு வாருங்கள், வீட்டில் ஒரு படுக்கை இருக்கிறது. எங்கள் ஊரில் காலை எட்டு மணிக்கே தொடங்கலாம், சாயங்காலம் நாலரைக்கு நிறுத்திவிட வேண்டும். முறுக்கு கட்டாயம்.

புதுச்சேவல் | அக்டோபர் 22

வருகிறேன் அண்ணாச்சி. நேற்றுச் செய்தோம், அக்கா சொன்ன மாதிரியே. நாலு ரவை எடுத்தேன், ஐந்தாவதை வீட்டுக்காரி கண்டுபிடித்தாள், பல்லால். பல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை, எனக்குத்தான் கொஞ்சம் ஆனது.

இன்னொன்று. வாத்து ஊதல் யாருக்காவது வேண்டுமா? திருப்பி அனுப்பும் தேதி முடிந்துவிட்டது, பையன் அதை விடியற்காலை ஐந்து மணிக்கு ஊதுகிறான்.